செம்மண்ணில் ஒரு வாரம்: நான், அப்பா, மகள், ஒரு கேம்பர் ட்ரெய்லர்

ஆறு மாத சனிக்கிழமைகளை இந்த ட்ரெய்லர் தின்றுவிட்டது. பழைய வண்டி, 4,200 டாலருக்கு வாங்கினேன். பார்க்க ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மூடியைத் திருப்பிப் போட்டால் மேலே கான்வாஸ் கூடாரம் எழும்பும், பின்கதவைத் திறந்தால் அடுப்படி. வாங்கிய அன்றே எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. தலைக்கு முப்பது கிலோ இருந்த இரண்டு ஈய பேட்டரிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு பன்னிரண்டு கிலோவில் ஒரு லித்தியம் வைத்தேன். ஓடும்போது காரிலிருந்து அதை ஏற்ற ஒரு சார்ஜர். ஃப்ரிட்ஜை வெளியே இழுக்க ஸ்லைடு, கதவைச் சுற்றிப் புது ரப்பர், தண்ணீருக்குச் சின்ன பம்ப், பின்னால் கேன்கள் வைக்க நானே போல்ட் போட்டு மாட்டிய இரும்புத் தட்டு. கேஸ் குழாயையும் 240 வோல்ட் பக்கத்தையும் மட்டும் தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் அதற்கெல்லாம் உரிமம் உள்ளவர்தான் கை வைக்கலாம்.

அப்பா ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். நாற்பது வருஷம் மின்கம்பம் ஏறிய லைன்மேன். "ஒரு சுவிட்ச் மாத்தக்கூட லைசென்ஸா? அப்ப நான் இங்க எதுக்குடா ஆவேன்?" என்றார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு உரிமம் வேண்டாம் என்றேன். டார்ச் லைட்டையெல்லாம் மின்சாரம் என்று சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா, நான், ஒன்பது வயது மகள். அடிலெய்டிலிருந்து வடக்கே, ஊட்நடாட்டா டிராக் என்கிற மண்சாலைப் பக்கம்.

ஜூலை 5, சனி: அடிலெய்டு – குவார்ன்

கிளம்பும் முன் பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். ட்ரெய்லர் 1,340 கிலோ. தகட்டில் எழுதியிருக்கும் உச்ச எடை 1,400. அறுபது கிலோ மிச்சம் பிடித்த பெருமையில் ஸ்டியரிங் பிடித்தேன்.

போர்ட் வேக்ஃபீல்டு தாண்டி நூறில் போகிறோம். எதிரே மூன்று பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு லாரி. அது கடந்த நொடியில் பின்னால் ட்ரெய்லர் வாலை ஆட்டியது. இடம், வலம், மறுபடி இடம். பிரேக்கை அழுத்தாமல் காலை எடுத்தேன். கார் தானாக வேகம் குறைந்து எழுபதுக்கு வந்ததும் அடங்கியது. கை நடுக்கம் அடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஓரம் கட்டினேன். அப்பா இறங்கி ட்ரெய்லரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன் கொக்கியைக் காரிலிருந்து கழற்றச் சொன்னார். கழற்றியதும் குனிந்து இரண்டு கையால் மூக்குப் பக்கத்தைத் தூக்கினார். அது தூக்கத் தூக்க வந்தது. எழுபத்தியொரு வயசு.

"பின்பாரம்டா இது. எடை சரியா இருந்து என்ன பண்ண? வண்டில மூட்டை ஏத்துறவன் மொதல்ல பாக்குறது நுகத்தடியத்தான். பின்னாடி கனத்துச்சுன்னா நுகம் மாட்டுக் கழுத்துல நிக்காது, மேல தூக்கிக்கும்."

மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. என் வண்டிக்கு 130 கிலோ வரவேண்டும். எழுபத்தியொரு வயசுக்காரர் தூக்கும் அளவுக்குத்தான் இருந்திருக்கிறது. படித்துத்தான் இருந்தேன். ஆனால் கனமான பேட்டரி இரண்டையும் முன்பக்கத்திலிருந்து எடுத்ததும் நான், பின்னால் தட்டு மாட்டி இரண்டு தண்ணீர்க் கேனையும் கருவிப் பெட்டியையும் ஏற்றியதும் நான். இரண்டையும் சேர்த்து யோசிக்காததும் நானேதான்.

கேன்களையும் பெட்டியையும் முன்னால் மாற்றிக் கட்டினோம். அதன் பிறகு வண்டி ஆடவே இல்லை. 185 டாலர் இரும்பில் செய்த அந்தத் தட்டு மீதிப் பயணம் முழுக்கக் காலியாக வந்தது. அப்பா அதில் துண்டு காயப்போட்டார்.

குவார்ன் முகாமில் கூடாரம் போட ஐம்பது நிமிஷம். வீட்டுக் கொல்லையில் பதினெட்டு நிமிஷத்தில் போட்டுப் பழகியது இங்கே காற்றில் எடுபடவில்லை. எதிர் வண்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சிரிக்கவுமில்லை, எழுந்து வரவுமில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் வந்து "நல்லா போட்டிருக்கீங்க, ஆனா வாசல் காத்துக்கு எதிரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி இரண்டு டிகிரி. ரவை உப்புமா சட்டியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் ஆறிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு: ஃபரீனா

காலையில் கான்வாஸின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம். எங்கள் மூச்சுதான். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடியிருந்தேன். மகளின் தலையணை நனைந்திருந்தது. இனி எவ்வளவு குளிரானாலும் மேல் ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்தே இருக்கும் என்று முடிவானது.

ஹாக்கரைத் தாண்டியதும் வலப்பக்கம் ஃப்ளின்டர்ஸ் மலை கூடவே வருகிறது. வழியில் ஒரு பேக்கரியில் குவான்டாங் பழம் வைத்த பை சாப்பிட்டோம். சிவப்பு, நல்ல புளிப்பு. இந்த மரம் நம் சந்தனத்துக்குச் சொந்தம், ஒரே பேரினம். அப்பாவிடம் சொன்னதும் மோந்து பார்த்தார். "சொந்தம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார். ஆனால் இரண்டாவதும் வாங்கினார்.

லிண்ட்ஹர்ஸ்டில் தார் முடிந்தது. டயர் காற்றை 38லிருந்து 28 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். காருக்கும் ட்ரெய்லருக்கும் ஆறு டயர்.

ஃபரீனா என்றால் லத்தீனில் மாவு. 1878இல் நிலம் அளந்து ஊர் பிரித்தபோது கோதுமை விளையும் என்று நம்பி வைத்த பேர். அதற்கு முன்பே, 1865இல், கோய்டர் என்கிற அளவையாளர் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, இதற்கு வடக்கே மழையை நம்பி விதைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். கலப்பை போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று பேசிக்கொண்டு ஜனங்கள் கோட்டைத் தாண்டி வந்தார்கள். மழை வரவில்லை. இப்போது இருப்பது கல் சுவர்களும் ஒரு ரயில் மேடும். தரைக்கு அடியில் ஒரு பழைய ரொட்டி அடுப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் சில வாரம் தன்னார்வலர்கள் வந்து அதை மூட்டி ரொட்டி சுடுகிறார்கள். நாங்கள் போன நேரம் சூடாகக் கிடைத்தது. அப்பா ரொட்டிக்கு இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்டார். இட்லிப்பொடி எடுக்கப் பின்கதவைத் திறந்தேன்.

உள்ளே எல்லாமே சிவப்பு. தட்டு, சட்டி, அரிசி டப்பாவின் மூடி, எல்லாவற்றின் மேலும் பவுடர் பூசின மாதிரி செம்மண். மகள் மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இதுல எது எது?" என்றாள். மூடி லேசாகத் திறந்திருந்தது. இரண்டும் ஒரே நிறம். விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பாதிக்குப் பாதி.

கதவைச் சுற்றி நடுவில் குழலோடு வரும் நல்ல ரப்பர்தான் போட்டிருந்தேன். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. அப்புறம் எங்கே? உள்ளே டார்ச்சை ஏற்றி வைத்து, மூடி, இருட்டில் வெளியே சுற்றி வந்தேன். அடியில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. பம்புக்கு ஒயர் விட நான் போட்ட ஓட்டை. இருபது மிமீ ஓட்டையில் ஆறு மிமீ ஒயர், சுற்றிலும் அடைப்பே இல்லை. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து பெட்டிக்குள் இருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. அந்தக் காற்றுக்கு ஈடாக ஓட்டை வழியே புழுதி உள்ளே வருகிறது. கதவு எவ்வளவு நன்றாக மூடியிருந்தாலும், அந்த ஒரு ஓட்டை போதும். தாத்தாவும் பேத்தியும் சப்பாத்தி மாவைப் பிசைந்து அடைத்தார்கள். மாவு ஊரில் மாவு வேலை. அதன் மேல் நான் டேப் சுற்றினேன்.

ஜூலை 7, திங்கள்: மாரீ வழியாகக் கவர்ட் ஸ்பிரிங்ஸ்

மாரீயில், ஒரு காலத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஓடிய பழைய கான் ரயிலின் டீசல் எஞ்சின்கள் வெயிலில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் ஒட்டகத்தில் சரக்கு ஏற்றிப்போன ஆப்கானியர்கள் மண்ணில் கட்டிய பள்ளிவாசலின் மாதிரி ஒன்றும் இருக்கிறது, ஒரு திண்ணை வைத்து விட்டால் நம்மூர்தான். டீசல் அடிலெய்டை விட லிட்டருக்கு அறுபது சென்ட் அதிகம். வாய் திறக்காமல் போட்டுக்கொண்டேன்.

இதற்கப்புறம் சாலை துணி துவைக்கும் பலகை மாதிரி. வரிவரியாக மேடு பள்ளம். மெதுவாகப் போனால் ஒவ்வொன்றும் முதுகில் ஏறுகிறது. எழுபதைத் தொட்டால் மேலோடு மிதந்து போகிறது, ஆனால் வளைவில் சறுக்குகிறது. எதிரே வருகிற வண்டி ஒவ்வொன்றிலும் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். அப்பா பதிலுக்கு இரண்டு கையும் கூப்பினார்.

ஆல்பெரி கிரீக் பக்கம் இரண்டு விமானங்களை வாலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், யாரோ ஒரு சிற்பி செய்த வேலை. அங்கே நிறுத்தி சக்கரத்தின் நடு மூடியைத் தொட்டுப் பார்த்தோம். சுடாமல் கை வைக்க முடிந்தால் பேரிங் நலம். பயணத்துக்கு முன் நானே கழற்றிக் கழுவி கிரீஸ் அடைத்தேன். அப்பாவுக்கு இந்த ட்ரெய்லரில் முழுத் திருப்தி தந்த ஒரே வேலை அதுதான். "வண்டி மை நல்லா போட்டிருக்க."

மகளுக்கு ஜூஸ் எடுக்கலாம் என்று பக்கக் கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் என் நெஞ்சில் வந்து மோதியது. ஸ்லைடைப் பலகையோடு பிடித்திருந்த எட்டு ஸ்க்ரூவில் ஆறு கழன்று ரவை டப்பாவைச் சுற்றிக் கிடந்தன. பன்னிரண்டு மிமீ ப்ளைவுட்டில் மர ஸ்க்ரூ. கராஜில் இழுத்துப் பார்த்தபோது மலை மாதிரி நின்றது. நாலு மணி நேர அதிர்வு வேறு கணக்கு. உள்ளே அலுமினிய கேன்கள் ஒன்றோடொன்று உரசி மூன்றில் ஊசி ஓட்டை. ஆரஞ்சு சோடா தயிரில் கலந்திருந்தது. ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டினோம்.

கதி தண்டா, அதாவது லேக் அயர், ஒரு உப்பு ஏரி. அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்குச் சுமார் பதினைந்து மீட்டர் கீழே இருக்கிறது. தென்பகுதி சாலையிலிருந்தே தெரிகிறது. வெள்ளை, தூரத்தில் இன்னும் வெள்ளை. மகள் பத்து நிமிஷம் பேசாமல் நின்றாள். எனக்கோ, சார்ஜரின் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிவதிலேயே கண். எரியும், மூன்று நொடி, அணையும். திரும்ப எரியும். கவர்ட் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 31 சதவீதம். அங்கே கரன்ட் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்: கவர்ட் ஸ்பிரிங்ஸ்

இன்று எங்கேயும் போகவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு மல்ட்டிமீட்டரை எடுத்தேன். கார் பேட்டரியில் 13.8 வோல்ட். ட்ரெய்லரில் சார்ஜரின் வாயில் 11.7. பன்னிரண்டுக்குக் கீழே போனால் சார்ஜர் தன்னை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தியதும் சுமை இல்லாததால் வோல்ட் ஏறும். ஏறியதும் மறுபடி ஓடும். அதுதான் அந்தக் கண்சிமிட்டல்.

அப்பா மீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. "டெயில் எண்ட் லோ வோல்டேஜ். லைன்ல கடைசி கெணத்து மோட்டார் இப்படித்தான் உறுமும், ஓடாது. என்ன ஒயர் போட்ட?"

"ஆறு எம்எம்."

"ஆறு ஸ்கொயரா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, ஒயரின் மேல் எழுத்தைப் பார்த்தேன். ஆறு மிமீ. சதுர மில்லிமீட்டர் என்று எங்கேயும் இல்லை. இங்கே கார் ஒயரை விற்பது மேல் உறையோடு சேர்த்த விட்டத்தை வைத்து. உள்ளே இருக்கும் செம்பு கிட்டத்தட்ட 4.6 சதுர மிமீதான். ஊரில் வீட்டு ஒயர் வாங்கிப் பழகிய புத்தி, ஆறு என்றதும் ஆறு ஸ்கொயர் என்று எடுத்துக்கொண்டது.

அப்பா கணக்கை மணலில் குச்சியால் போட்டார். போக ஏழு மீட்டர், வர ஏழு. சார்ஜர் இழுப்பது 28 ஆம்பியர் சுமார். 4.6 ஸ்கொயரில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். "ஒன்றரைதான் வருது. மிச்சம் அரை வோல்ட்டுக்கு மேல எங்கடா தொலைச்ச?" என்று கேட்டுக்கொண்டே பேட்டரி முனையில் நான் அடித்த லக்கை, அதாவது ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோகக் காதை, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒயர் வெளியே வந்துவிட்டது. லக் அவர் கையில்.

"எதால அடிச்ச?"

"கட்டிங் ப்ளேயர்."

"பல்லால கடிச்சிருந்தாக்கூட இதவிட நல்லா நின்னிருக்கும்."

என் மகள் இதை இன்னும் ஒரு வருஷத்துக்குச் சொல்வாள்.

இன்னும் தடிமனான ஒயர் வாங்க அருகில் கடை இல்லை. ஆனால் மலிவு என்று முப்பது மீட்டர் சுருளாக வாங்கியதில் பாதி கருவிப் பெட்டியில் கிடந்தது. "ரெட்டை ஓட்டு ஓட்டுவோம்" என்றார். இருக்கிற ஒயருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, இரண்டு முனையையும் ஒரே லக்கில் சேர்த்து. செம்பு 9.2 ஆகும், இழப்பு பாதியாகும். ஃப்யூஸ் பழையதே இருக்கட்டும் என்றார். ஒயர் இருக்கிறது, லக் இருக்கிறது, அடிக்கக் கருவி இல்லை.

பக்கத்து வண்டியில் விக்டோரியாவிலிருந்து ஒரு முதிய தம்பதி. அந்தப் பெரியவர் காலையிலிருந்தே பத்தடி தள்ளி, பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, காற்று தெற்கே திரும்புகிறது, ராத்திரி இன்னும் குளிரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் நானே வாய் திறந்து கேட்டேன். "அட, இருக்கே" என்று ஒரே எட்டில் போய் ஹைட்ராலிக் கிரிம்பரோடு திரும்பினார். எப்போது கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். கேட்காமல் உதவ வந்தால் மட்டம் தட்டின மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிற ஊர் இது.

அப்பாவின் ஆங்கிலம் டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் படித்தது. வோல்ட், ஆம்ப், எர்த், லோடு. அதுவே போதுமாக இருந்தது. இருவரும் காருக்கு அடியில் செம்மண்ணில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் டார்ச் பிடித்தேன். அப்பா லக்கை அடித்ததும் அதைப் பிடித்துத் தன் முழு எடையோடு தொங்குவது போல இழுத்தார். வரவில்லை. பெரியவரும் இழுத்தார். வரவில்லை. என்னை இழுக்கச் சொல்லவில்லை.

13.8க்கு ட்ரெய்லரில் 13.0. பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்றது.

அதே சூட்டில் ஃப்ரிட்ஜ் ஸ்லைடையும் பிரித்தோம். ப்ளைவுட்டைத் துளைத்து ஆறு மிமீ போல்ட், அடியில் அகல வாஷர், நைலான் வளையம் வைத்த நட்டு. அதிர்வில் சாதா நட்டு சுழன்று கழன்றுவிடும், இது கழலாது. போல்ட்டும் அவருடையதுதான். காசு கொடுத்தேன், வேண்டாம் என்று கையை விரித்துக் காட்டினார். மதியம் எலுமிச்சை சாதம் கிளறி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டப்பா கழுவித் திரும்பி வந்தது, உள்ளே பத்துப் பதினைந்து பேரீச்சம்பழம். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தராத பழக்கம் எங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆர்ட்டீசியன் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, நிலத்தடி அழுத்தத்திலேயே, தண்ணீர் தானாகப் பொங்கி வருகிறது. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கித் தொட்டி கட்டியிருக்கிறார்கள். வெளியே பத்து டிகிரி, தண்ணீர் வெதுவெதுப்பு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கிரீஸும் செம்மண்ணும் போக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "பம்ப்செட்டுல குளிக்கிற மாதிரியே இருக்கு. மோட்டார்தான் இல்ல."

ஜூலை 9, புதன்: கூபர் பீடி

வில்லியம் கிரீக்கில் ஒரு டீ. அங்கிருந்து கூபர் பீடி 166 கிலோமீட்டர், முழுக்க மண். எதுவும் கழலவில்லை, எதுவும் ஒழுகவில்லை. எழுத ஒன்றுமில்லாத நாள். சாலை ஓரத்தில் நிறுத்தி மூன்று முறை பின்கதவைத் திறந்து பார்த்தேன். சப்பாத்தி மாவு கல்லாகி ஓட்டையில் அப்படியே இருக்கிறது.

கூபர் பீடியில் ஓப்பல் என்கிற ரத்தினக்கல் தோண்டுகிறார்கள், வெயிலுக்குப் பயந்து குடைந்த பாறைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஒரு தரைக்கடி வீட்டுக்குள் போனதும் அப்பா முதலில் பார்த்தது சுவரில் ஒயரை எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று.

ஜூலை 11, வெள்ளி: வீடு

நேற்று போர்ட் அகஸ்டாவில் மழை. கான்வாஸை ஈரத்தோடு மடித்துத்தான் கிளம்ப முடிந்தது. அப்படியே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் மறுபடி விரித்தோம். பதினாறு நிமிஷம். தண்ணீர்க் குழாயை வைத்துப் பெட்டியைக் கழுவினேன், சிமென்ட் தரையில் ரத்தம் மாதிரி ஓடியது.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவைக் காணோம். கொல்லையில் கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு, மல்ட்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து படுங்கப்பா என்றேன்.

"லைட்டு எத்தன மணி நேரம் நிக்குதுன்னு பாக்குறேன். நீ போய்த் தூங்கு."

மேல் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவிட்டு வந்தேன்.